கொடுப்பதற்காகச் சேர்க்கும் திசு: மருத்துவமனைத் திசு வங்கி வேலையில் கற்றுக்கொண்டவை

ஆய்வாளர் ஒருவர் வந்து, "பெருங்குடல் புற்றுத் திசு ஒரு 40 பேருடையது வேண்டும், இருக்கிறதா?" என்று கேட்டால், கணினியைத் திறப்பதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது, "அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பதுதான். டி.என்.ஏ.வைப் படிக்கப் போகிறாரா, மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் ஆர்.என்.ஏ.வை அளக்கப் போகிறாரா, புரதங்களைத் தேடுகிறாரா, உயிருள்ள செல்களை வளர்க்கப் போகிறாரா? பதிலைப் பொறுத்து, ஒரே ஃப்ரீசரில் இருக்கும் மாதிரிகளில் சில மிகப் பொருத்தமாக இருக்கும், சில ஒன்றுக்கும் உதவாது. ஆராய்ச்சித் திசு வங்கியில் பல வருடங்கள் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: நாளை யார் எதற்காகக் கேட்பார்கள் என்பதை மனதில் வைத்து முதல் நிமிடத்திலிருந்தே சேர்க்காவிட்டால், ஃப்ரீசர் நிறையுமே தவிர யாருக்கும் பயன் இருக்காது. கொடுத்தவர் ஆய்வுக்குப் பயன்படட்டும் என்றுதானே கொடுத்தார்.

கருவிழி, தோல், எலும்பு போன்றவற்றை இன்னொருவர் உடலில் பொருத்துவதற்காகச் சேமிக்கும் வங்கிகள் வேறு. நான் சொல்வது ஆராய்ச்சிக்கான வங்கி. அறுவை சிகிச்சையில் எப்படியும் வெளியே எடுக்கப்படும் கட்டியில், நோயறிதலுக்குத் தேவையானது போக மிஞ்சுவதில் ஒரு சிறு பகுதி எங்களுக்கு வரும். அதோடு கொஞ்சம் ரத்தம், சில சமயம் சிறுநீர், எச்சில், வயிற்றில் சேர்ந்த நீர். இவற்றைப் பதப்படுத்தி, விவரங்களோடு பாதுகாத்து, தகுதியான ஆய்வுகளுக்குத் தருகிறோம்.

எல்லாம் சம்மதத்தில் தொடங்குகிறது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளோ, முடிந்தால் அதற்கும் முன்பு நோயாளி வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும்போதோ பேசிவிட வேண்டும். மயக்கம் கொடுப்பதற்கு முன் போடும் மருந்து உள்ளே போன பிறகு வாங்கிய கையெழுத்தை நாங்கள் ஏற்பதில்லை. அறுவை நிபுணரே நேரில் கேட்பதையும் தவிர்க்கிறோம். நாளைக்குத் தன் வயிற்றைத் திறக்கப் போகிற டாக்டர் கேட்கும்போது எத்தனை பேரால் "மாட்டேன்" என்று சொல்ல முடியும்? அதனால் சிகிச்சையில் பங்கில்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் போய் உட்கார்ந்து பேசுகிறார். உட்கார்ந்து என்பது முக்கியம். கட்டிலருகே நின்றுகொண்டு படிவத்தை நீட்டினால் நோயாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். "இதுக்காகக் கூடுதலா வெட்டுவீங்களா?" என்பது முதலாவது. வெட்ட மாட்டோம். எவ்வளவு எடுப்பது என்பதை நோய்தான் தீர்மானிக்கிறது. ரத்தம் மட்டும், பரிசோதனைக்கு ஊசி போடும் அதே சமயத்தில் ஒன்றிரண்டு குழாய் அதிகமாக எடுக்கப்படும். "என் பேர் வெளியே தெரியுமா?" என்றால், ஆய்வாளருக்குப் போவது ஒரு குறியீட்டு எண் மட்டும்; அந்த எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வங்கிக்குள்ளேயே தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். "வித்துடுவீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. திசுவுக்கு விலை வைப்பதில்லை, பதப்படுத்திய செலவை மட்டும் ஆய்வுக் குழுவிடம் வாங்குகிறோம் என்பது உண்மையான பதில். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. இந்த ஆய்விலிருந்து ஒரு நிறுவனம் மருந்தோ பரிசோதனையோ உருவாக்கி லாபம் பார்க்கலாம், அதில் உங்களுக்குப் பங்கு வராது என்று படிவத்தில் இருந்தால், அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்குச் சொல்லக் கடினமான பதில், "எனக்கு இதனால் என்ன தெரியவரும்?" என்ற கேள்விக்கானது. பெரும்பாலும் ஒன்றும் தெரியவராது. ஆய்வு முடிய வருடங்கள் ஆகும், அதன் பலன் முகம் தெரியாத யாருக்கோ போகும். இதை மழுப்பக் கூடாது. நோயில் இருப்பவருக்கு நம்பிக்கை எங்கே கிடைத்தாலும் பற்றிக்கொள்ளத் தோன்றும். வங்கிக்குக் கொடுத்தால் தன் சிகிச்சை மேம்படும் என்ற எண்ணத்தோடு ஒருவர் கையெழுத்திட்டால், அந்தச் சம்மதம் சம்மதமே இல்லை.

வங்கிக்கான சம்மதத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இன்ன ஆய்வு என்று இன்றே சொல்ல முடியாது. பத்து வருடம் கழித்து வரப்போகும் கேள்விக்காக இன்று கேட்கிறோம். உலக மருத்துவச் சங்கம் 2002-ல் ஏற்று 2016-ல் திருத்திய தைபே பிரகடனம் இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. எதற்காகச் சேமிக்கிறோம், யாருக்கு எந்த விதிப்படி கொடுப்போம், யார் மேற்பார்வை செய்வார்கள், வணிகப் பயன்பாடு உண்டா, வேறு நாட்டுக்குப் போகுமா, மனம் மாறினால் எப்படி விலகுவது என்பதெல்லாம் கொடுப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் இப்படிப்பட்ட பரந்த சம்மதம் செல்லும். புதிதாகச் சேருபவர்களுக்கு இதைப் பாடமாக நடத்தும்போது ஹென்ரியட்டா லாக்ஸைப் பற்றிக் கட்டாயம் சொல்வேன். 1951-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவருடைய கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள் உலகம் முழுவதும் போயின. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் குடும்பத்துக்கு விஷயம் தெரியவே 20 வருடங்களுக்கு மேல் ஆனது. 2013-ல் அந்தச் செல்களின் முழு மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோதும் குடும்பத்தைக் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்த பிறகுதான், குடும்பத்தினரும் இடம்பெறும் ஒரு குழு பார்த்து அனுமதித்தால் மட்டுமே தரவைத் தருவது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. செல்கள் எடுத்து 62 வருடங்கள் ஆகியிருந்தன.

விலகும் உரிமையைப் பற்றியும் நேராகப் பேசிவிட வேண்டும். மீதமுள்ள மாதிரியை அழித்துவிடலாம், இனிமேல் யாருக்கும் தராமல் நிறுத்தலாம். ஏற்கெனவே ஆய்வுக்குள் போய் முடிவுகளோடு கலந்துவிட்ட தரவைத் திரும்ப எடுக்க முடியாது. இதைக் கையெழுத்துக்கு முன்பே சொன்னால் பின்னால் மனக்கசப்பு இருக்காது.

சரி, இனி ஆபரேஷன் தியேட்டர்.

கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை மருத்துவர் கட்டிய நொடியிலிருந்து அந்தத் திசுவுக்கு ஆக்சிஜன் நின்றுவிடுகிறது. ஆனால் செல்கள் உடனே ஓய்வதில்லை. ஆக்சிஜன் இல்லாத நிலைக்கு ஏற்ப மரபணுக்களின் வேலையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். உடலுக்குள் உடல் சூட்டிலேயே காத்திருக்கும் நேரம் ஒன்று, வெட்டி வெளியே எடுத்த பிறகு உறைய வைக்கும்வரை போகும் நேரம் இன்னொன்று. டி.என்.ஏ. இதையெல்லாம் தாங்கும். ஆர்.என்.ஏ.வின் அளவுகள் சில பத்து நிமிடங்களிலேயே மாறத் தொடங்கும். புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் குறிகள் அதைவிட வேகமாக மறையும். ஆக, தாமதமாக உறைய வைத்த திசுவை ஆராய்ந்து "புற்றில் இந்த மரபணு அதிகமாக வேலை செய்கிறது" என்று எழுதினால், அது புற்றின் குணமா, மேசையில் காத்திருந்ததன் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் இரண்டு நேரங்களையும் குறித்து வைக்கிறோம். வெளியே எடுத்த நேரம் எளிதாகக் கிடைத்துவிடும். ரத்தக் குழாயைக் கட்டிய நேரத்தைத் தியேட்டர் சிஸ்டர் குறித்துக் கொடுத்தால்தான் உண்டு. புதிதாக வங்கி தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, விலை உயர்ந்த ஃப்ரீசர் வாங்குவதற்கு முன் தியேட்டர் சிஸ்டர்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்பது. எதற்காக அந்த நேரம் தேவை என்று ஒரு முறை விளக்கிச் சொன்னால், "இன்னும் பத்து நிமிஷத்தில் கட்டி வந்துரும், ஆள் அனுப்புங்க" என்று அவர்களே கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால், வழக்கப்படி கட்டியை நேராக, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு மூடி வைத்துவிடுவார்கள். அவர்கள் மேல் தவறில்லை, நோயறிதலுக்கு அதுதான் முறை. ஆனால் ஃபார்மலினில் விழுந்த திசுவை அதற்கப்புறம் புதுத் திசுவாக உறைய வைக்க வழியில்லை. உப்பு நீரில் ஊறப் போடுவதும் கூடாது. சுத்தமான டப்பாவில், பனிக்கட்டிக்கு நடுவில், கையோடு எடுத்துப் போக வேண்டும்.

எங்கே எடுத்துப் போவது? வங்கிக்கு இல்லை. திசுவை ஆராய்ந்து நோயை உறுதி செய்யும் நோய்க்குறியியல் துறைக்கு. நோயாளியின் நோயறிதல்தான் முதலில், வங்கி அதற்குப் பின்னால்தான். கட்டியின் ஓரங்களுக்கு மை பூசி, அளந்து, படம் எடுத்து, அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்த பிறகு நோய்க்குறியியல் நிபுணர்தான் எங்களுக்கான துண்டை எடுத்துத் தருவார். வங்கிப் பணியாளர் தானாகக் கத்தியை வைக்கக் கூடாது. வெட்டு விளிம்பில் புற்று இருக்கிறதா என்பது நோயாளியின் அடுத்த சிகிச்சையை முடிவு செய்யும் விஷயம்; அந்த இடத்தில் கை வைத்தால் அந்தப் பதிலே போய்விடும். கட்டி சிறியதாக இருந்தால் எங்களுக்கு எதுவும் கிடைக்காது. ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்படும் சின்னக் கட்டிகளில் இப்படித்தான் ஆகும். ஆய்வாளர்கள் அவற்றைத்தான் மிகவும் தேடுகிறார்கள், ஆனாலும் நிபுணர் "இதில் தர முடியாது" என்றால் அதோடு சரி.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் பார்க்க வேண்டியது. பெரிய கட்டியின் நடுப்பகுதி பல சமயம் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல புற்றுத் திசு போலத் தெரியும், நுண்ணோக்கியில் பார்த்தால் வெறும் சிதைவு. ஆகவே உறைய வைக்கும் துண்டுக்கு ஒட்டிய பக்கத்திலிருந்தே ஒரு மெல்லிய வெட்டு எடுத்துச் சாயமேற்றி, புற்றுச் செல்கள் எத்தனை சதவீதம், செத்த பகுதி எத்தனை சதவீதம் என்று நிபுணரிடம் எழுதி வாங்கிவிடுகிறோம். 2006-ல் தொடங்கிய புற்று மரபணுத் தொகுதி வரைபடத் திட்டம் முதலில் 80 சதவீதம் புற்று உட்கருக்கள் உள்ள திசுவைத்தான் ஏற்றது. பிறகு அதை 60 சதவீதமாகக் குறைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய திட்டத்துக்கே தூய திசு கிடைப்பது சிரமமாக இருந்தது. எங்கள் பட்டியலில் புற்றுச் சதவீதம் குறிக்கப்படாத துண்டை யாருக்கும் தருவதில்லை.

உறைய வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. திசுவை அப்படியே அதில் போட்டால் நொடியில் உறைந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் சூடான பொருள் விழுந்ததும் நைட்ரஜன் கொதித்து, ஆவி திசுவைச் சுற்றிச் சூழ்ந்துகொள்கிறது. குளிர் உள்ளே போவது தாமதமாகும். மெதுவாக உறையும் நீர் பெரிய பனிப் படிகங்களாகி செல்லைக் கிழிக்கும். நுண்ணோக்கியில் திசு சல்லடை மாதிரி தெரியும். அதனால் ஐசோபென்டேன் என்ற திரவத்தை நைட்ரஜனால் குளிரவைத்து அதில் துண்டை முக்குகிறோம். அது மைனஸ் 160 டிகிரி வரை திரவமாகவே இருக்கும், திசுவை நேரடியாகத் தொட்டுக் குளிர்விக்கும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டிக்குள்தான் இந்த வேலை. துண்டும் சின்னதாக, அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும்.

மெல்லிய வெட்டு எடுக்க வசதியாகச் சில துண்டுகளை ஒரு பசைக் கூழில் பொதித்து உறைய வைப்பது வழக்கம். பார்க்க அழகாக இருக்கும், வெட்டவும் எளிது. ஆனால் அந்தக் கூழில் இருக்கும் பாலிமர்கள் நிறை அலைமாலைக் கருவியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) புரதங்களை அளப்பவருக்குப் பெரிய தொல்லை. எனவே ஒரு துண்டு கூழோடு, ஒரு துண்டு கூழில்லாமல் என்று பிரித்து வைக்கிறோம். யார் கேட்கப் போகிறார்கள் என்று முன்பே நினைக்க வேண்டும் என்றது இதற்குத்தான்.

பாராஃபின் கட்டிகள், அதாவது ஃபார்மலினில் பதப்படுத்திப் பாராஃபின் மெழுகில் பொதித்த திசுத் துண்டுகள், இன்னொரு வகை. ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் ஊடுருவும். அதனால் பெரிய புற்றுக் கட்டியை வெட்டாமல் முழுசாகப் போட்டால் நடுப்பகுதி அழுகத் தொடங்கும். மார்பகப் புற்றில் ஹார்மோன் ஏற்பிகளைச் சோதிக்க, வெளியே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டு, 6 முதல் 72 மணி நேரம் பதப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. ஆராய்ச்சிக்கும் அதையே நாங்கள் பின்பற்றுகிறோம். ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கும், ஆர்.என்.ஏ.வை இன்னும் அதிகமாக. ஆனாலும் ஃப்ரீசர் தேவையில்லாமல் பல பத்தாண்டுகள் நிற்கும் இதன் அருமை தனி. கேட்பவருக்கு இதுவே போதுமானால் உறைந்த திசுவைத் தொடவே விடமாட்டேன்.

ரத்தத்துக்கு வருகிறேன். எந்தக் குழாயில் எடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஹெப்பாரினும் ஈ.டி.டி.ஏ.வும் ரத்தம் கட்டியாகாமல் தடுக்கக் குழாயில் இடும் பொருள்கள். ஹெப்பாரின் குழாயில் எடுத்த ரத்தம், டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும், அதனால் மரபணு வேலைக்கு ஈ.டி.டி.ஏ. குழாய். சீரம் என்பது ரத்தம் கட்டியான பிறகு பிரியும் தெளிந்த நீர்; அதற்கு ரத்தம் முதலில் தானாகக் கட்டியாக வேண்டும், அரை மணி நேரமாவது விட வேண்டும். ரத்தத்தில் மிதக்கும் புற்று டி.என்.ஏ.வைத் தேடுபவர்களுக்கு, எடுத்த சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏ.வைக் கொட்டிவிடும், தேடுவது அதில் கரைந்துபோகும். பிரித்ததைச் சிறு சிறு பங்குகளாக வைக்க வேண்டும். ஒரே பெரிய குப்பியில் வைத்தால் ஒவ்வொருவருக்கும் கொடுக்க ஒவ்வொரு முறை உருக்க வேண்டியிருக்கும், உருகி உறையும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று சிதையும்.

ரத்த மாதிரிகளை வைத்து ஒப்பீடு செய்பவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஒரு ஆய்வுக் குழு எங்களிடம் புற்று நோயாளிகளின் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தைச் சுழற்றி அணுக்களை நீக்கிய நீர், கேட்டது. நலமானவர்களின் பிளாஸ்மா தங்களிடமே இருக்கிறது என்றார்கள். விசாரித்தால், எங்களுடையது அறுவைக்கு முன் வெறும் வயிற்றில், மயக்கம் கொடுத்த பிறகு எடுத்தது. அவர்களுடையது பகலில் வந்துபோன ஆட்களிடம் எடுத்து, மாலையில் ஒட்டுமொத்தமாகச் சுழற்றியது. இரண்டையும் ஒப்பிட்டால் நிச்சயம் வித்தியாசம் தெரியும், புள்ளியியலும் ஆமாம் என்று சொல்லும். ஆனால் அதில் எவ்வளவு புற்றினுடையது, எவ்வளவு வயிற்றினுடையது, மயக்க மருந்தினுடையது, குழாய் காத்திருந்த நேரத்தினுடையது? அவர்களிடம் இதை விளக்கி, இரு தரப்பையும் ஒரே முறையில் புதிதாகச் சேர்க்கலாம் என்று பேசி முடித்தோம். நேரம் பிடித்தது. எனக்கு இந்த வேலையில் மிகவும் திருப்தி தந்தவற்றில் அதுவும் ஒன்று. மாதிரி கேட்கும் ஆய்வாளர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எடுத்த சூழலையும் கேட்டு வாங்குங்கள். உயிரிவங்கிகளின் சர்வதேசச் சங்கம் இதற்கென்றே ஒரு குறியீட்டு முறையை உருவாக்கியிருக்கிறது. எந்தக் குழாய், எவ்வளவு நேரம் காத்திருந்தது, எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதெல்லாம் சில எழுத்துகளில் அடங்கிவிடும். அந்தக் குறியீட்டைத் தர முடியாத வங்கியிடம் யோசித்து வாங்குங்கள்.

லேபிளைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரணக் காகித லேபிள் நைட்ரஜன் குளிரில் உதிர்ந்துவிடும், சாதாரணப் பேனா எழுத்து ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். குளிரைத் தாங்கும் லேபிள், பார்கோடு, கண்ணால் படிக்கக்கூடிய எண், மூன்றும் வேண்டும். குப்பியில் பெயர் இருக்கவே கூடாது.

சேமிப்பில் வெப்பநிலை இரண்டு வகை. பிளாஸ்மா, சீரம், பெரும்பாலான திசுக்கள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கலாம். பின்னாளில் உயிரோடு எழுப்ப வேண்டிய செல்களை மைனஸ் 135 டிகிரிக்குக் கீழே, நைட்ரஜன் ஆவியில் வைக்க வேண்டும்; அந்தக் குளிரில்தான் நீர் மூலக்கூறுகளின் அசைவு ஏறக்குறைய நின்றுபோகிறது. திரவத்துக்குள்ளேயே மூழ்க வைத்தால் இன்னும் பாதுகாப்பு என்று தோன்றலாம். ஆனால் சரியாக மூடாத குப்பிக்குள் திரவம் புகுந்து, வெளியே எடுக்கும்போது வெடிக்கும். நோய்த்தொற்றும் பரவக்கூடும். உறைய வைத்த எலும்பு மஜ்ஜைப் பைகள் ஒரே நைட்ரஜன் தொட்டியில் இருந்ததால் ஒன்றிலிருந்து மற்றவற்றுக்கு ஹெபடைடிஸ் பி பரவியது 1995-ல் மருத்துவ இதழில் வெளியானது. அதற்குப் பிறகு ஆவியில் வைப்பது பரவலானது.

நைட்ரஜன் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. மூச்சுத் திணறுவது தெரியாமலே மயங்கி விழ வைக்கும். அறையில் ஆக்சிஜன் அளவுமானி இல்லாவிட்டால் உள்ளே போகாதீர்கள். நைட்ரஜன் குடுவையோடு ஒரே லிஃப்டில் ஏறாதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

ஃப்ரீசர் பழுதாவது பற்றிக் கனவு காணாத வங்கிக்காரர் இருக்க மாட்டார். 2012-ல் ஹார்வர்டோடு இணைந்த மெக்லீன் மருத்துவமனையின் மூளை வங்கியில் ஒரு ஃப்ரீசர் நின்றுபோய், சுமார் 150 மூளைகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பத்தினர் தந்தவை. வெளியே இருந்த திரை சரியான குளிரையே காட்டிக்கொண்டிருந்தது, எச்சரிக்கை மணியும் ஒலிக்கவில்லை. 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 16 நைட்ரஜன் தொட்டிகளுக்கு விநியோகம் நின்று, பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகள் போயின. இவற்றைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவே இல்லை. மூளையைத் தந்த அந்தக் குடும்பங்கள் எந்த நிலையில் அந்த முடிவை எடுத்திருப்பார்கள்!

ஆகவே எங்கள் நடைமுறை இப்படி. ஃப்ரீசரின் சொந்தத் திரையை நம்புவதில்லை, தனியாக ஒரு உணரி உள்ளே இருக்கிறது. எச்சரிக்கை ஒரு ஆளின் தொலைபேசிக்குப் போகும், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு, அதற்கடுத்து இன்னொருவருக்கு. மணி நிஜமாகவே அடிக்கிறதா என்று வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்துச் சோதிக்கிறோம். நீண்ட விடுமுறைக்கு முன்பு யார் வந்து பார்ப்பது என்று பெயர் எழுதி ஒட்டுகிறோம். ஒரு ஃப்ரீசர் எப்போதும் காலியாக, ஆனால் குளிரூட்டப்பட்டு, தயாராக நிற்கும். "இதை வீணாக வைத்திருக்கிறீர்களே" என்று நிர்வாகம் ஒவ்வொரு வருடமும் கேட்கும், ஒவ்வொரு வருடமும் விளக்குவேன். ஒருவருடைய மாதிரிகளை ஒரே ஃப்ரீசரில் வைக்காமல் இரண்டில் பிரித்து வைப்பதும் அப்படித்தான்.

இனி கொடுப்பது. விண்ணப்பம் வந்தால் ஒரு குழு அதைப் பார்க்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, கேள்வி தெளிவாக இருக்கிறதா, கேட்கும் அளவு நியாயமானதா, அரிய மாதிரி என்றால் இந்த ஆய்வுக்குக் கொடுத்தால் அடுத்தவருக்கு மிஞ்சுமா? டி.என்.ஏ. மட்டும் வேண்டுபவருக்குச் சில மெல்லிய வெட்டுகள் போதும். முழுத் துண்டைக் கேட்டால், ஏன் என்று எழுதச் சொல்வோம். முதலில் நாலைந்து மாதிரிகளை வாங்கி உங்கள் முறை இவற்றில் வேலை செய்கிறதா என்று பாருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆர்.என்.ஏ. வேலை என்றால், அது எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்பதை 1 முதல் 10 வரை மதிப்பிடும் எண் எத்தனைக்கு மேல் வேண்டும் என்பதையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். இன்னொன்று, கட்டிக்குப் பக்கத்தில் எடுத்த "இயல்பான" திசுவை நலமானவரின் திசுவுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நுண்ணோக்கியில் இயல்பாகத் தெரிந்தாலும் பக்கத்தில் இருக்கும் கட்டியின் தாக்கம் அதில் இருக்கும்.

மாதிரியோடு விவரங்களும் போகின்றன, அங்கேதான் அந்தரங்கம் கசியும் ஆபத்து. அரிய நோய், வயது, பாலினம், அறுவைத் தேதி நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் பெயரே தேவையில்லை, ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் வயதை ஐந்து வருட இடைவெளியாகவும், தேதிக்குப் பதில் நோயறிதலிலிருந்து எத்தனை மாதம் என்றும் தருகிறோம். ஆளை அடையாளம் காண முயலக் கூடாது, வேறு யாருக்கும் மாதிரியைக் கைமாற்றக் கூடாது, மிஞ்சியதைத் திருப்பித் தரவோ அழிக்கவோ வேண்டும், முடிவுத் தரவை வங்கிக்கும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே பெட்டி கிளம்பும்.

பெட்டியில் உலர்பனி போட்டு அனுப்புகிறோம். அது மைனஸ் 78.5 டிகிரியில் நேரடியாக ஆவியாகும், கரியமில வாயு வெளியேற வழி வேண்டும். காற்றுப் புகாமல் ஒட்டினால் பெட்டி வெடிக்கும். வாரக் கடைசியில் அனுப்புவதில்லை. அந்தப் பக்கம் வாங்கி வைக்கப் போகிறவர் யார், அன்று இருப்பாரா என்று கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறோம். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் கருவியும் போகும்.

கொடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. நோயறிதலுக்கான பாராஃபின் கட்டியை ஒருபோதும் தீர்க்கக் கூடாது. ஒரு நோயாளிக்குப் பல வருடங்கள் கழித்து நோய் திரும்பியது. புதிதாக வந்த ஒரு மருந்து அவருக்குப் பொருந்துமா என்று பார்க்க மரபணுச் சோதனை தேவைப்பட்டது. மறுபடி ஊசி வைத்துத் திசு எடுக்க முடியாத இடம். நோய்க்குறியியல் துறையின் பாராஃபின் கட்டியில் மிஞ்சியிருந்தது போதவில்லை. வங்கியில் அவருடைய கடைசித் துண்டு ஒன்று இருந்தது, அதை அனுப்பினோம். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டை எந்த ஆய்வுக்கும் தராமல் அவருக்காகவே ஒதுக்கி வைப்பது அதற்குப் பிறகு எங்கள் விதியாகிவிட்டது.

மற்றபடி, யாரும் கேட்காமல் கிடக்கும் மாதிரிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். எத்தனை ஆயிரம் குப்பிகள் சேர்ந்தன என்று பெருமையாகச் சொல்லும் வங்கிகள் எத்தனை வெளியே போயின என்று சொல்வதில்லை. வருடத்துக்கு ஒரு முறை நாங்கள் அந்தக் கணக்கை எடுக்கிறோம். சில வருடங்களாக ஒருவரும் கேட்காத வகை என்றால், ஏன் என்று பார்க்கிறோம். பட்டியலே ஆய்வாளர்களுக்குத் தெரியவில்லையா, விவரம் போதவில்லையா, தரம் குறைவா? தெரியாததுதான் காரணம் என்றால் துறை துறையாகப் போய்ச் சொல்கிறோம். தரம் குறைந்ததைப் புதிய முறைகளைச் சோதிக்கவும் மாணவர்களுக்குப் பயிற்சி தரவும் கொடுக்கிறோம், சம்மதப் படிவம் அதற்கு இடம் தந்தால். விவரமும் இல்லை, சம்மதமும் தெளிவில்லை என்றால் குழுவின் அனுமதியோடு முறைப்படி அழித்துவிட்டு, அந்த வகையைச் சேர்ப்பதையும் நிறுத்திவிடுகிறோம். புதிதாக ஒரு வகையைச் சேர்க்கத் தொடங்குவதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிற குழு ஏதாவது இருக்கிறதா, அவர்களுக்கு எந்தக் குழாய், எத்தனை நிமிடம், எந்தக் குளிர் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே நோயாளியிடம் படிவத்தோடு போகிறோம்.